மூன்று டம்ளர் ரோஸ் மில்க்

அக்கா,

போனிலேயே சொல்லியிருக்கலாம். உன் நம்பரை எடுத்து எடுத்து வைத்துவிட்டேன். இங்கே எழுதினால் நாலு பேர் படிப்பார்கள், மாமாவும் படிப்பார். அதனால் ஊர்ப் பெயர், ஆள் பெயர் எதுவும் வராது. அவருக்குத் தெரிந்ததற்கு மேல் ஒரு வரியும் எழுதமாட்டேன்.

போன வாரம் என் பையனுக்காகப் பள்ளியில் என்னைக் கூப்பிட்டார்கள். கூடப் படிக்கும் பெண் ‘இனிமேல் பேசவேண்டாம்’ என்ற பிறகும் ஒரே ராத்திரியில் நாற்பத்திரண்டு மெசேஜ். அதற்கு முன்னால் அவளுடைய இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டு வேறு கேட்டிருக்கிறான். “லவ்வுன்னா அப்படித்தானப்பா” என்றான். கையை ஓங்கிவிட்டேன். அடிக்க வரவில்லை. பஸ் ஸ்டாண்டு ஜூஸ் கடை ஞாபகம் வந்துவிட்டது.

1999. நான் ஒன்பதாவது. கண்ணாடி டம்ளரில் மேலே நுரை நிற்கும், அடியில் கரையாத எசன்ஸ் சிவப்பாய்த் தங்கியிருக்கும். உன் பின்னால் சுற்றியவன் ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்து, நான் குடித்து முடிக்கும்வரை காத்திருப்பான். அப்புறம் நாலாக மடித்த காகிதத்தை என் சட்டைப் பையில் வைப்பான். முதல் கடிதத்தை நீ கிழித்தாய். இரண்டாவதைக் கையிலேயே வாங்கவில்லை. “இனிமே எதையும் வாங்கிட்டு வராதடா” என்றாய்.

அதற்கப்புறமும் நான் மூன்று டம்ளர் குடித்தேன்.

அவன் காலேஜ் வாசல்வரை வர ஆரம்பித்ததும் எனக்குப் பயம். அப்பாவிடம் சொன்னேன்: “அக்காவுக்கு லெட்டர் வருது.” அவ்வளவுதான் சொன்னேன். யார் கொண்டுவந்தது என்று அவர் கேட்கவில்லை. உன்னிடமும் எதுவும் கேட்கவில்லை. இரண்டாம் வருஷத்தோடு உன் படிப்பு நின்றது.

பதினாலு வயசுப் பையனுக்கு என்ன தெரியும், சொல். உனக்கு ஏதாவது ஆகிவிடக்கூடாது என்றுதான் சொன்னேன். முக்கால்வாசி அதுதான் காரணம். நீயும்தான் வாயைத் திறக்கவில்லையே! அப்பா போன பிறகாவது என்னை நாலு கேள்வி கேட்டிருக்கலாம். தீபாவளிக்குத் தீபாவளி என் தட்டில் ஒரு முறுக்கு கூடுதலாக வைப்பாய், ஒரு வார்த்தை பேசமாட்டாய். அந்த முறுக்கை எப்படி விழுங்குவது?

சென்னையில் ஒரு கல்லூரி மாணவி செத்துப்போய், 1998இல்தான் தமிழ்நாட்டில் ஈவ் டீசிங் தடைச் சட்டம் வந்திருந்தது. நம் வீட்டுக்கு அது வந்து சேரவில்லை. 2013இல் பின்தொடர்வதே தனிக் குற்றமானது. விருப்பமில்லை என்று பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் விடாமல் தொடர்ந்தால், முதல் தடவைக்கே மூன்று வருஷம் வரை சிறை. அவள் இணையத்தில் என்ன செய்கிறாள் என்று வேவு பார்ப்பதும் அதில் சேர்த்தி. இப்போது, பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 78ஆவது பிரிவு. இதையெல்லாம் பையனிடம் சொன்னேன். முகம் வெளுத்துப்போனான். பயந்தான், அவ்வளவுதான். புரிந்த மாதிரி இல்லை.

சரி என்று ஜூஸ் கடைக் கதையைச் சொன்னேன். இவ்வளவு வருஷத்தில் நான் வாய்விட்டுச் சொன்னது அவன் ஒருத்தனிடம்தான். கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தவன், “அத்தை வேணாம்னு சொன்னது உனக்குக் கேட்டுச்சாப்பா?” என்றான்.

கேட்டது, அக்கா.

பொங்கலுக்கு உன்னை வந்து பார்க்கவேண்டும் என்கிறான். அவனிடம் இன்னும் சரி சொல்லவில்லை. நீ சொன்னால் கூட்டிவருகிறேன். பதில் வராவிட்டால் வேண்டாம் என்று எடுத்துக்கொள்வேன். மறுபடி கேட்கமாட்டேன்.

தம்பி