ஃபிஸ்க் பிள்ளைங்கள ஏன் விட்டுட்டீங்க?

ஆசிரியருக்கு வணக்கம்.

1950கள்ல அமெரிக்க காலேஜ் வாழ்க்கை எப்படி இருந்துச்சுன்னு போன இதழ்ல வந்த கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன். ஃபுட்பால் மேட்ச், சனிக்கிழம டான்ஸ், போர்லேருந்து திரும்பின சோல்ஜருங்க அரசாங்க செலவுல படிச்சது எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா கடைசி வரைக்கும் வெள்ளக்காரப் பிள்ளைங்க மட்டும்தான் வந்தாங்க, கறுப்பினப் பிள்ளைங்க படிச்ச ஒரு காலேஜ் பேரு கூட இல்ல. மனசு கேக்கல, அதான் எழுதுறேன்.

டென்னசி மாநிலத்துல நாஷ்வில்னு ஒரு ஊரு, அங்க ஃபிஸ்க் யுனிவர்சிட்டி. அடிமைமுறை ஒழிஞ்ச கையோட 1866ல ஆரம்பிச்ச சின்ன இடம். காசில்லாம இழுத்து மூடுற நிலைமை வந்தப்போ 1871ல மாணவங்களே ஒரு பாட்டுக் குழுவா கிளம்பி, அடிமைகளா இருந்தவங்க பாடின பாட்டயெல்லாம் ஊர் ஊரா பாடி, கடல் தாண்டி இங்கிலாந்து வரைக்கும் போயி சம்பாரிச்ச பணத்துல கட்டினதுதான் அங்க இருக்குற ஜூபிலி ஹால்.

1950கள்ல அந்த கேம்பஸ நெனச்சுப் பாருங்க. லைப்ரரிய பாத்துக்கிட்டவர் ஆர்னா பான்டெம்ப்ஸ், பெரிய எழுத்தாளர். இங்கிலீஷ் கிளாஸ் எடுத்தவர் கவிஞர் ராபர்ட் ஹேடன், ஓவியம் சொல்லிக்குடுத்தவர் ஆரன் டக்ளஸ். 1949ல ஓவியர் ஜார்ஜியா ஓகீஃப், தன் வீட்டுக்காரர் சேத்து வச்சிருந்த பிக்காசோ, செசான் படமெல்லாம் இந்த யுனிவர்சிட்டிக்கு குடுத்தாங்க. ஆக கேம்பஸுக்குள்ள பிக்காசோவ பாக்கலாம், ஆனா வெளிய டவுனுக்குப் போனா ஒரு காபி குடிக்க உக்கார முடியாது. பெரிய கடைங்கள்ல நோட்டு, துணிமணி வாங்கலாம், காசு வாங்கிப்பாங்க, அதே கடைக்குள்ள ஸ்டூல் போட்டு சாண்ட்விச் குடுக்குற கவுண்டர்ல மட்டும் கறுப்பு நெறத்தவங்க உக்காரக் கூடாது.

சிகாகோலேருந்து 1959ல அங்க படிக்க வந்த டயான் நாஷுக்கு இதெல்லாம் புதுசு. பொருட்காட்சி பாக்கப் போன எடத்துல கறுப்பினப் பெண்களுக்குனு தனியா கழிப்பறை போர்டு மாட்டியிருந்தத பாத்து அந்தப் பொண்ணு கொதிச்சுப் போச்சு. அப்போ கேம்பஸ் பக்கத்துல ஒரு சர்ச்ல ஜேம்ஸ் லாசன்னு ஒருத்தர், அடிச்சாலும் திருப்பி அடிக்காம போராடுறது எப்படின்னு வகுப்பு நடத்திக்கிட்டிருந்தார். அவர் நம்ம நாக்பூர்ல ஹிஸ்லாப் காலேஜ்ல மூணு வருஷம் வேலை பாத்து, காந்தி வழிய கத்துக்கிட்டுப் போனவர். ஒருத்தர் அடிக்கிற மாதிரி, முடிய புடிச்சு இழுக்குற மாதிரி நடிக்கணும், இன்னொருத்தர் கை ஓங்காம உக்காந்திருக்கணும், இப்படி மாசக்கணக்கா பயிற்சி.

நான் 28 வருஷம் லேடீஸ் ஹாஸ்டல் வார்டனா இருந்தவ, அதனால எனக்கு இதுக்கு அடுத்து நடந்ததுதான் ரொம்ப முக்கியம். 1960 பிப்ரவரி 13 அன்னிக்கு அந்த ஊரு காலேஜ் பிள்ளைங்க நூறு பேருக்கு மேல டவுனுக்குப் போனாங்க, ஞாயித்துக்கிழம சர்ச்சுக்குப் போற மாதிரி நல்ல உடுப்பு, கையில பாடப்புத்தகம். கவுண்டர்ல உக்காந்து ஹோம்வொர்க் பண்ணாங்க. திருப்பி அடிக்காத, சத்தமா சிரிக்காத, நிமிந்து உக்காருன்னு விதிமுறை எழுதி வச்சிருந்தாங்க, அதுல காந்தி பேரும் இருந்துச்சு. ரெண்டு வாரம் கழிச்சு 27ஆம் தேதி ஒரு கூட்டம் வந்து ஸ்டூல்லேருந்து இழுத்துப் போட்டு அடிச்சுது, போலீஸ் அடிச்சவங்கள விட்டுட்டு 81 மாணவங்கள புடிச்சுது. கோர்ட்ல 50 டாலர் அபராதம் போட்டதும், கட்ட மாட்டோம் ஜெயிலுக்கே போறோம்னாங்க. பெத்தவங்க வயிறு என்ன பாடு பட்டிருக்கும்! படிக்க அனுப்பின பிள்ள ஜெயில்ல இருக்குன்னு ஒரு வீட்டுக்கு போன் பண்ணி சொல்றது எப்படி இருக்கும்னு எனக்கு யோசிக்கவே முடியல.

ஏப்ரல் 19 விடியக்காலைல இவங்களுக்காக வாதாடின வக்கீல் லூபி வீட்டுல குண்டு வெடிச்சுது. அன்னிக்கே ஆயிரக்கணக்கான பேர் வாய தொறக்காம ஊர்வலமா போயி, மேயர் முன்னாடி டயான் நாஷ் நேருக்கு நேரா கேட்டா, நெறத்த மட்டும் வச்சு ஒருத்தர ஒதுக்குறது தப்பா இல்லையான்னு. மேயர் தப்புனு ஒத்துக்கிட்டார். மறுநாள் ஃபிஸ்க் ஜிம்ல பேசின மார்ட்டின் லூதர் கிங், ஊக்கம் குடுக்க வரல, உங்ககிட்டேருந்து வாங்கிக்கத்தான் வந்தேன்னு சொன்னார். மே 10ஆம் தேதி ஆறு கடைல கவுண்டர் எல்லாருக்கும் தொறந்தாச்சு. டயானுக்கு அப்போ 22 வயசு கூட முடியல.

இதுவும் அதே காலத்து அமெரிக்க காலேஜ் வாழ்க்கைதானே சார்? அடுத்த இதழ்ல ஒரு பக்கமாவது இவங்களுக்கு ஒதுக்குங்க. புக்கு விரிச்சு வச்சுக்கிட்டு ஸ்டூல்ல வரிசையா உக்காந்திருக்குற ஃபோட்டோ இருக்கு, அதையும் சேத்துப் போடுங்க.

இப்படிக்கு,
ரிட்டயர்ட் வார்டன், திருச்சி