பழைய பெட்ரோலும் ஆத்தாவின் மங்குத் தட்டும்

உ
சிவமயம்

அன்புள்ள தம்பிக்கு அப்பச்சி எழுதுவது. காரைக்குடியில் நானும் ஆத்தாவும் நலமாக இருக்கிறோம். கோலாலம்பூரில் நீயும் மருமகளும் பேரனும் நலம் என்று நம்புகிறேன்.

பிள்ளையார் நோன்பன்று கானாடுகாத்தான் வீட்டில் ஜெனரேட்டர் ஓடவில்லை என்று போனில் சொன்னபோது, "பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குங்கள் அப்பச்சி, பணம் அனுப்புகிறேன்" என்றாய். பணம் அனுப்ப வேண்டாம். நேற்று மாலை அதே ஜெனரேட்டரில் தண்ணீர் மோட்டாரை ஓட்டி மேல்தொட்டியை நிரப்பிவிட்டுத்தான் இந்தக் கடிதத்துக்கு உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொன்னால் பாதியில் உனக்கு வேறு அழைப்பு வந்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

அன்று இரவு கரண்ட் போனதில் நோன்புக்கு ஒரு குறையும் இல்லை. இழை எடுத்துக்கொள்ள விளக்கு வெளிச்சம் போதும். இருபத்தோர் இழைத் திரியை மாவில் வைத்து ஏற்றி விழுங்குவதற்கு மின்சாரம் எதற்கு? ஆனால் பங்காளிகள் எல்லாப் புள்ளிகளும், அதாவது ஒவ்வொரு குடும்பமும், வந்திருந்த வீட்டில் குழாயில் தண்ணீர் நின்றுபோனதுதான் பெரும்பாடாகிவிட்டது. ஸ்டார்ட்டர் கயிற்றை நானும் உன் சித்தப்பாவும் மாறி மாறி இழுத்து, எனக்குத் தோள்பட்டை இரண்டு நாள் வலித்தது. மறுநாள் காரைக்குடியில் ஒரு கடையில் கேட்டதற்கு, ஜெனரேட்டரைப் பார்க்காமலேயே, பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு விடும் கார்புரேட்டரை மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. பொங்கல் கழிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கானாடுகாத்தானுக்குப் போய், ஜெனரேட்டரைப் பின்கட்டுக்கு வெளியே திறந்த வெளியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வீட்டுக்குள் செய்யக் கூடாத வேலை இது. பெட்ரோல் ஆவி தரையோடு தவழ்ந்து போய் எங்கே விளக்கு எரிகிறது என்று தேடிப் பிடிக்கும்.

நோயை முதலில் சொல்லிவிடுகிறேன். காற்று வரும் வழியை மறைக்கும் மூடியான சோக்கை அடைத்துக்கொண்டு இழுத்தால் நான்கைந்து விநாடி ஓடும்; சோக்கைத் திறந்த மறுகணம் அணைந்துவிடும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். தீப்பொறி நீலமாக நன்றாகவே வந்தது, ஆனால் பிளக்கின் முனை காய்ந்து கிடந்தது. ஆயிலும் அளவாக இருந்தது. அப்படியென்றால் பெட்ரோல் போதுமான அளவு உள்ளே போகவில்லை என்று பொருள். சோக் அடைத்திருக்கும்போது காற்று குறைந்து, உறிஞ்சும் இழுப்பு முழுவதும் பெட்ரோல் வழியின் மேல் விழுவதால், அடைபட்ட துளையிலிருந்தும் கொஞ்சம் கசிந்து வருகிறது; சோக் திறந்து காற்று தாராளமாக வரும்போது அந்தக் கசிவு போதாமல் எஞ்சின் பட்டினி கிடந்து நின்றுவிடுகிறது. இந்த ஓர் அறிகுறியை நினைவில் வைத்துக்கொண்டால், எந்தச் சின்ன எஞ்சினிலும் பாதி வைத்தியம் முடிந்துவிடும்.

டாங்கிலிருந்து பெட்ரோல் வரும் வழியைத் திறந்து மூடும் திருகான பெட்ரோல் காக்கை மூடிவிட்டு, கார்புரேட்டருக்குக் கீழே கிண்ணம் போலத் தொங்கும் பவுலைப் பிடித்திருக்கும் ஒற்றை போல்ட்டைப் பத்தாம் நம்பர் ஸ்பேனரால் கழற்றினேன். உள்ளே இரண்டு கரண்டி பெட்ரோல் இருந்தது. அது பெட்ரோலாகவே இல்லை. தேன் நிறத்தில், முகப்புக் கதவுக்கு வார்னிஷ் அடித்த நாளில் வீடெல்லாம் வீசுமே, அந்த வாசத்தோடு இருந்தது. பவுலின் அடியில் கருப்பட்டிப் பாகு காய்ந்து ஒட்டியது போல ஒரு பிசின். விளிம்பில் சுண்ணாம்பு பூத்தது போல வெள்ளைப் பொடி. பிசின், பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி பறந்துபோய் மிச்சம் காற்றோடு சேர்ந்து கெட்டதால் வருவது. வெள்ளைப் பொடி, ஈரம் உலோகத்தை அரித்ததால் வருவது. ஈரம் எங்கிருந்து வந்தது என்றால், இப்போது நாம் வாங்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. 2022 ஜூனில் பத்து விழுக்காட்டை எட்டினார்கள், 2023 முதல் இருபது விழுக்காடு கலந்தது பெட்ரோல் பங்குகளுக்கு வரத் தொடங்கியது. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். அளவுக்கு மேல் இழுத்துவிட்டால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து அடியில் போய்த் தங்கும். சித்திரைக் கல்யாணத்தில் ஊற்றிய பெட்ரோல், கோடை வெயிலையும் ஐப்பசி கார்த்திகை மழையையும் பார்த்துவிட்டு மார்கழியில் எட்டு மாதப் பழசாக நமக்குக் கிடைத்திருக்கிறது. மூன்று மாதம் தாண்டிய பெட்ரோலை நான் நம்புவதில்லை.

பிறகு மிதவையைப் பிடித்திருக்கும் சின்ன ஊசியை உருவி, மிதவையையும் அதன் அடைப்பு முள்ளையும் எடுத்தேன். நடுவிலுள்ள பித்தளைத் தூணுக்குள் திருப்புளியை விட்டு, பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள மெயின் ஜெட்டையும், அதற்கு மேலே பக்கவாட்டில் துளைகள் போட்ட குழாயையும் கழற்றினேன். வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தால் மெயின் ஜெட்டின் துளை வழியே ஒரு புள்ளி வெளிச்சமாவது தெரிய வேண்டும், தெரியவில்லை. மேலே வேகம் வைக்கும் திருகுக்கு அடியில் ஒளிந்திருக்கும், எஞ்சின் மெதுவாக ஓடும்போது பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டைப் பலர் மறந்துவிடுவார்கள். அதன் துளை அரை மில்லிமீட்டர்கூட இராது, முதலில் அடைபடுவதும் அதுதான். அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் துடைத்தால் எஞ்சின் ஓடும்; ஆனால் மூச்சு வாங்குகிறவரைப் போல ஏறி இறங்கி ஓடும்.

இந்தச் சாமான்களை எல்லாம் தரையில் வைத்தால் உருண்டுவிடும் என்று உன் ஆத்தாவின் எனாமல் பூசிய மங்குத் தட்டு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டேன். முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் அதற்கு என்ன விலை சொல்கிறார்கள் தெரியுமா என்று ஆரம்பித்தவர் இன்னும் நிறுத்தவில்லை.

ஜெட்டுகளைக் கார்புரேட்டர் கிளீனரில் நன்றாக நனைத்து ஒரு மணி நேரம் விட்டேன். ரப்பர் வளையங்களை மட்டும் முன்பே கழற்றித் தனியே வைத்துவிட வேண்டும். மருந்து பட்டால் உப்பிவிடும். ஊறியபின் பழைய ஒயரிலிருந்து ஒற்றைச் செம்பு இழையை உருவித் துளைகளில் மெதுவாக விட்டு எடுத்தேன். எக்காரணத்தைக் கொண்டும் ஊசியோ ஊக்கோ விடாதே. நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நம் மொபெட்டின் ஜெட்டில் நான் ஊக்கை விட்டுக் குடைந்து, துளை பெரிதாகி, விற்கும் வரை அது பெட்ரோலைக் குடித்துக்கொண்டே இருந்தது. உன்னிடம் அப்போது வண்டிக்கு வயதாகிவிட்டது என்று சொன்னேன். கடைசியாகப் பஞ்சர் கடைக்கு எடுத்துப் போய்க் காற்றடித்து எல்லா வழிகளையும் ஊதிக்கொண்டு வந்தேன். டாங்கிலிருந்த பழசை முழுவதும் இறக்கிவிட்டேன். அதைக் கிணற்றுப் பக்கமோ சாக்கடையிலோ கொட்டாமல், சங்கிலி கழுவுவதற்கென்று பட்டறைக்காரர் கேட்டு வாங்கிக்கொண்டார். காக்கின் அடியிலுள்ள சல்லடையைக் கழுவிப் பூட்டி, ஒரு லிட்டர் புதுப் பெட்ரோல் ஊற்றி இழுத்தேன்; மூன்றாவது இழுப்பில் பிடித்தது. சோக்கை மெல்லத் திறந்தபோது சத்தம் மாறாமல் நின்றதைக் கேட்க, பிடிவாதமாகப் பேசாதிருந்த பிள்ளை வாய் திறந்தது போல இருந்தது.

சித்திரையில் இதை அணைத்தவன் நீ; பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன் நான்; ஆகவே குற்றத்தில் பாதி என்னுடையது. இனி வீட்டைப் பூட்டுமுன் சுவிட்சைப் போட்டு அணைக்காதே. எஞ்சின் ஓடும்போதே பெட்ரோல் காக்கை மூடிவிடு. பவுலில் இருப்பதைக் குடித்துத் தானாக நிற்கட்டும். சூடு ஆறியதும் பவுலின் வடிகால் திருகைத் திறந்து மிச்சச் சொட்டையும் வடித்துவிடு. டாங்கில் இருப்பதைக் காரில் ஊற்றிக்கொண்டு போய்விடலாம். வேறு புள்ளிகள் யாராவது வீட்டைத் திறந்தாலும் தெரியட்டும் என்று இதை ஒரு அட்டையில் எழுதிக் கைப்பிடியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். பெட்ரோல் ஊற்றிய தேதியையும் அதில் குறித்திருக்கிறேன்.

பவுலுக்கு அடியில் வரும் ரப்பர் வளையம் சற்றுத் தளர்ந்திருக்கிறது, இப்போதைக்குக் கசியவில்லை. அளவு பார்த்துக் காகிதத்தில் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். அங்கே கிடைத்தால், வரும்போது இரண்டு வாங்கி வா.

ஆசிகளுடன்,
அப்பச்சி