வலசைப் பறவைகள் திரும்பும்வரை ஈரப்புல்வெளியின் மதகை அடைத்து வைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஈரப்புல்வெளியின் கிழக்குக் கரையில் குளிர்காலப் பறவைகளைக் கவனித்துக் குறித்துவரும் ஆர்வலர்கள்

பெறுநர்:
நீர்நிலைப் பராமரிப்புப் பொறியாளர் அவர்கள்

பொருள்: புல்வெளியின் தண்ணீரைக் குளிர்காலத்தில் வடித்துவிடுவதை நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே பொருளில் நேரிலும் பதிவஞ்சலிலும் முன்னர் அளித்த மனுக்களுக்கு இதுவரை பதில் கிடைக்காததால் இம்மனுவைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறோம். கிழக்குக் கரையும் அதன் கோடியிலுள்ள மதகும் தாங்கள் நன்கு அறிந்தவை என்பதால் இடத்தை விவரிக்கவில்லை.

1. மழை ஓய்ந்து, வடக்கிலிருந்து பறவைகள் வந்திறங்கும் அதே வாரங்களில் மதகுப் பலகைகள் உருவப்பட்டு, புல்வெளியின் தண்ணீர் முழுவதும் ஓடைக்கு வடிக்கப்படுகிறது.

2. இதில் முதலில் பட்டினி கிடப்பது கோரை உள்ளான் என்னும் நீள அலகுப் பறவை. ஏறத்தாழ 7 செ.மீ. நீளமுள்ள அதன் அலகின் நுனி வளையக்கூடியது, தொடு உணர்வு மிக்கது. சேற்றுக்குள் அலகை அடிவரை செலுத்தி, கண்ணால் காணாமலேயே புழுவைத் தொட்டறிந்து, சிறியவற்றை அலகை வெளியே எடுக்காமலேயே விழுங்கிவிடும். மண் இறுகிவிட்டால் அந்த அலகு இறங்காது. மண்ணுக்குள் புழு இருந்தும் பறவைக்கு எட்டாது. தண்ணீர் வடிந்தபின் வெடிப்பு விட்ட தரையில் உள்ளான்கள் ஓரிடத்தில் குத்திப் பார்த்து, நகர்ந்து, மறுபடி குத்திப் பார்ப்பதைக் கரையிலிருந்து கண்டுகொண்டே நிற்கிறோம். பொரி உள்ளான், பேதை உள்ளான், கருவால் மூக்கன் ஆகியவற்றின் நிலையும் இதுவே. கோரைக்குள் தரையிலேயே இரவு தங்கும் சேற்றுப் பூனைப்பருந்துகளுக்குச் சுற்றி நிற்கும் தண்ணீரே காவல்; அது வடிந்ததும் நாய்கள் உள்ளே புகுந்துவிடுகின்றன.

3. "பாதி ஆண்டு காய்ந்து கிடக்கும் மேய்ச்சல் நிலம் எப்படி ஈரநிலமாகும்?" என்று அலுவலகத்தில் எங்களிடம் வாய்மொழியாகக் கேட்கப்பட்டது. 1971 பிப்ரவரி 2 அன்று ஈரானின் ராம்சார் நகரில் ஏற்கப்பட்ட, ஈரநிலங்களுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் முதல் பிரிவே, சதுப்போ நீர்ப்பரப்போ, இயற்கையானதோ செயற்கையானதோ, நிரந்தரமானதோ தற்காலிகமானதோ, அனைத்தும் ஈரநிலமே என்று தெளிவாக வரையறுக்கிறது.

4. ஐயா, நாங்கள் புதிய அணை கேட்கவில்லை, நிதி கேட்கவில்லை. உருவிய பலகைகள் மதகின் அருகிலேயே கிடக்கின்றன. அவற்றைத் திரும்பப் பொருத்துவதற்கு எந்த ஒப்பந்தப்புள்ளி தேவைப்படுகிறது? தண்ணீர் ஆழமானாலும் உள்ளானுக்கு ஆகாது என்பதால் கீழ்ப்பலகைகளை மட்டுமே கேட்கிறோம். கணுக்கால் அளவுத் தண்ணீர் போதும் என்று ஒவ்வொரு மனுவிலும் எழுதியிருக்கிறோமே, ஒன்றையாவது யாராவது படித்தார்களா? 1967 முதல் ஜனவரி தோறும் நடைபெறும் பன்னாட்டு நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு, வெடித்த தரையில் நின்றுகொண்டு நாங்கள் எதை எண்ணுவது?

5. கீழ்ப்பலகைகளைப் போடுங்கள், ஐயா. கோரிக்கை இது ஒன்றுதான்.

ஆகவே, தாங்கள் நேரில் வந்து மதகைப் பார்வையிட்டு, வலசைப் பறவைகள் வடக்கே திரும்பும்வரை கீழ்ப்பலகைகளை எடுக்கக் கூடாது என்று எழுத்துப்பூர்வமாக உத்தரவிடுமாறும், இம்முறையேனும் எங்களுக்குப் பதில் அனுப்புமாறும் மீண்டும் பணிந்து வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கிழக்குக் கரைப் பறவை ஆர்வலர்கள்