ஆமை காட்டிய வண்டி

அன்புள்ள சேகர்,

பொங்கலுக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை. திட்டு, நியாயம்தான். இங்கே எல்லோரும் நலம். அக்காவின் மூட்டுவலி மட்டும் அப்படியே இருக்கிறது.

விஷயம் வேறு. போன வெள்ளிக்கிழமை என் 'தையல் மிஷின்', அதான் என் எலக்ட்ரிக் கார், காலை வாரிவிட்டது. சிரிக்காதே, முழுக்கப் படி.

பெங்களூரிலிருந்து திருவண்ணாமலைக்கு வந்துகொண்டிருந்தோம். கிருஷ்ணகிரியில் சார்ஜ் போட்டுவிடலாம் என்றாள் மீனா. அங்கே நாலு கார் வரிசையில் நின்றது. போதும் போதும் என்று வந்துவிட்டேன். செங்கம் நெருங்கும்போது 9 சதவீதம். முன்னால் ஒரு கரும்பு லாரி. சிங்காரப்பேட்டை வேகத்தடைகளைத் தாண்டியபோதெல்லாம் வண்டி வழக்கம்போலத்தான் சீறியது, அதனால் சந்தேகமே வரவில்லை. வலது பக்கம் ஏறி மிதித்தேன். மாட்டுவண்டிதான்! டிஸ்ப்ளேயில் ஒரு ஆமைப் படம். எதிரே பஸ். பிரேக் போட்டு மறுபடி லாரிக்குப் பின்னால் வந்து ஒளிந்தேன். பின் சீட்டில் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள் சேகர்.

இரண்டு ராத்திரி தூக்கமில்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். உன் டீசல் வண்டி கடைசிச் சொட்டு வரை ஒரே மாதிரி இழுக்கும். பேட்டரி அப்படி இல்லை. சார்ஜ் குறையக் குறைய வோல்டேஜ் இறங்கும். அந்த நேரத்தில் கரண்டை அள்ளி இழுத்தால் இன்னும் சரியும், பேட்டரிக்குள் இருக்கும் செல்கள் கெடும். அதனால் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டரே கடிவாளம் போட்டுவிடுகிறது. 100 கிலோவாட் மோட்டாருக்கு 40தான் விடுகிறது என்று வைத்துக்கொள். பவரை வேகத்தால் வகுத்தால் இழுவிசை. 20 கிலோமீட்டர் வேகத்தில் அந்த 40 கிலோவாட்டே 7,000 நியூட்டனுக்கு மேல் தரும், குறை தெரியாது. 80 கிலோமீட்டரில் வெறும் 1,800. அதிலும் காற்றும் டயரும் 500, 600-ஐத் தின்றுவிடும். வேகத்தடையில் புலி, ஓவர்டேக்கில் ஆமை. பாழாய்ப்போன விஷயம், நமக்கு பவர் தேவைப்படுவதே அந்த 80-ல்தான்.

2015-ல் டெஸ்லா தன் எலக்ட்ரிக் காரை இன்னும் வேகமாகப் பாயவைக்கும் 'லூடிக்ரஸ்' மோடை விட்டபோது நாம் சண்டை போட்டோமே, ஞாபகம் இருக்கிறதா? மோட்டார்தான் காரணம் என்று நான் அடித்துச் சொன்னேன். வயரிங்கைப் பாருடா என்றாய் நீ. பியூஸையும் கான்டாக்டர் என்கிற பெரிய ஸ்விட்சையும் மாற்றித்தான் பேட்டரி விடும் கரண்டை 1,300 ஆம்பியரிலிருந்து 1,500 ஆக்கியிருக்கிறார்கள். சரி, பத்து வருஷம் கழித்து ஒப்புக்கொள்கிறேன், நீ ஜெயித்தாய்.

வண்டி விற்ற பையனிடம் போய்க் கேட்டேன்: "நூறு கிலோமீட்டர் வேகத்தை ஒன்பது வினாடியில் தொடும் என்றாயே தம்பி, எத்தனை சதவீத சார்ஜில்?" அவன் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான்.

இப்போதெல்லாம் சார்ஜ் 30 சதவீதத்துக்குக் கீழே போனால் ஓவர்டேக் என்ற பேச்சே இல்லை. லாரி பின்னாலேயே போகிறேன். கரும்பு வாசனை நன்றாகத்தான் இருக்கிறது.

அடுத்த மாதம் வருகிறாய் அல்லவா? மீனாவும் அப்போது கண் அசந்திருந்தாள். பஸ் வெகு தூரத்தில் இருந்தது என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உளறிவிடாதே.

உன்,
மாணிக்கம்