கேள்வி கேட்ட டாக்டர் எங்கே போனார்?

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டாலில் குடும்ப மருத்துவம் பயிற்றுவிக்கும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். இதை ஆங்கிலத்திலேயே எழுதியிருப்பேன். அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும், அதனால் தமிழ். உங்களில் யாருக்காவது ஆயாவிடம் கேட்ட தமிழ் மிச்சமிருந்தால் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள்.

போன ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற இடத்தில் அம்மா மயங்கி விழுந்தாள். வயது 72. காலையில் வழக்கம்போல இன்சுலின் போட்டுக்கொண்டவள், விரதம் என்று ஒரு வாய் சாப்பிடவில்லை. டர்பனில் ஓர் அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே அவளுடைய பழைய ஃபைலில் ஆளுக்கொரு கையெழுத்து, வரி மட்டும் ஒன்றுதான்: சொன்னபடி கேட்பதில்லை.

மறுநாள் வார்டுக்கு வந்தவர் குடும்ப மருத்துவத்தில் ரெஜிஸ்ட்ரார், அதாவது நிபுணராகப் பயிற்சி பெறும் டாக்டர்; சூலு இன இளைஞர். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "மா" என்று கூப்பிட்டார். அம்மாவுக்கு அது தமிழாகவே கேட்டது. விரதத்தன்று எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள், கூழில் என்ன சேர்ப்பீர்கள் என்று கேட்டார். சோள மாவும் மோரும் என்றதும் சிரித்துவிட்டார். அவர் வீட்டிலும் சோளக் கஞ்சி, புளித்த பால்தானாம். விரத நாளுக்கென்று இன்சுலின் அளவையும் நேரத்தையும் தனியாக எழுதிக் கொடுத்தார். அந்தத் தாள் இன்னும் எங்கள் சாமி விளக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது.

மூன்று மாதம் கழித்துப் போனால் அவர் இல்லை. வேறு பிரிவுக்குப் போய்விட்டாராம்.

குடும்ப மருத்துவத்தை இந்த நாடு தனி நிபுணத்துவமாக ஏற்றது 2007இல். நான்கு ஆண்டுப் பயிற்சி, ஆய்வேடு, தேர்வு. பிரிவு பிரிவாகச் சுற்றத்தான் வேண்டும், மறுக்கவில்லை. மாவட்ட மருத்துவமனையில் நள்ளிரவில் சிசேரியன் என்றால் அவரும்தானே கத்தியைப் பிடிக்க வேண்டும். ஆனால் நான்கு ஆண்டும் சுற்றிக்கொண்டே இருப்பவர் எந்தக் குடும்பத்தின் மருத்துவர்?

பரிவுக்கு வகுப்பெல்லாம் வேண்டாம். ஒவ்வொரு ரெஜிஸ்ட்ராருக்கும் பத்துக் குடும்பங்களைக் கொடுங்கள். எந்தப் பிரிவில் இருந்தாலும் மாதம் ஒரு மதியம் அந்தக் குடும்பங்களுக்கு. ஒருமுறையாவது வீட்டுக்கு வந்து அடுப்படியைப் பார்க்கட்டும். ஆள் பற்றாக்குறை என்பீர்கள். விடியுமுன் வரிசையில் நிற்கிற எங்களுக்கு அது தெரியாதா?

தைப்பூசக் காவடிக்கு அம்மா பத்து நாள் விரதம் இருக்கப் போகிறாள். நான் சொன்னால் கேட்கமாட்டாள். அந்தத் தாளில் இருப்பது ஒரு நாளைக்கான கணக்கு. பத்து நாளுக்கு யாரிடம் கேட்பது?

இப்படிக்கு,
டர்பனிலிருந்து ஒரு மகள்