நான்கு வேளை மருந்துக்குக் கைகொடுத்தவர்களுக்கு

பத்தமடையிலும் பாளையங்கோட்டையிலும், வலிப்பு வந்த எங்கள் பிள்ளைக்காக ஓடியவர்கள் எல்லாருக்கும் ஸலாமும் வணக்கமும். வீடு வீடாக வந்து சொல்ல வேண்டிய நன்றி இது. கைப்பிள்ளையை விட்டு நகர முடியாததால் எழுதுகிறேன்.

முதல் நன்றி எங்கள் கிராமச் செவிலியர் அக்காவுக்கு. மகனுக்கு அப்போது 5 மாதம். தூங்கி விழித்ததும் தலை முன்னால் கவிழும், இரண்டு கைகளும் விரியும், கால்கள் மடங்கும். ஒரு நொடிதான். சற்று விட்டு மறுபடியும் வரும். ஒருநாள் காலை பாய் நெய்யும் கோரையை எண்ணுவதுபோல எண்ணினேன்: 23 தடவை. உரம் விழுந்திருக்கிறது என்று மாமி சேலையில் போட்டு உருட்டினார். ஓதிய தண்ணீரும் கொடுத்தோம். முதலில் காட்டிய மருத்துவர் வாயு என்று சொட்டு மருந்து எழுதித் தந்தார். 10 நாட்கள் அப்படியே போயின. எடை பார்க்க வந்த அக்காதான், "இது வாயு இல்லை. அடுத்த தடவை வரும்போது போனில் படம் எடுங்கள், நாளைக்கே பாளையங்கோட்டைக்குப் போங்கள்" என்றார். அந்த 40 நொடிப் படத்தை அங்கே மருத்துவர் இரண்டு முறை பார்த்தார். மறு கேள்வி கேட்கவில்லை, அன்றே சேர்த்துக்கொண்டார்.

மூளை அலைப் பரிசோதனைக்குப் பிள்ளை தூங்க வேண்டும். தலையெல்லாம் பசையும் கம்பியுமாக எந்தப் பிள்ளை தூங்கும்? அந்த அறையில் வேலை பார்க்கும் தங்கை, மதியச் சாப்பாட்டை மறந்து, விளக்கை அணைத்துவிட்டு இரண்டு மணி நேரம் காத்திருந்தார். தாளில் வந்த கோடுகளைப் பார்த்தபோது தறியில் பாவு சிக்கிக்கொண்டதுபோல இருந்தது. வெஸ்ட் சின்ட்ரோம் என்றார்கள், கைப்பிள்ளைகளுக்கு வரும் ஒருவகை வலிப்பு நோய். 1841இல் வெஸ்ட் என்ற ஆங்கில மருத்துவர் தன் சொந்த மகனுக்கு வந்ததைப் பற்றி லான்செட் மருத்துவ இதழுக்கு எழுதிய கடிதத்திலிருந்து வந்த பெயராம். பெற்ற மனம் எழுதிய கடிதம் என்று கேட்டதும் எனக்கு ஏனோ கொஞ்சம் தைரியம் வந்தது.

மருத்துவருக்கு நான் பட்ட கடன் பெரியது. பத்தாம் வகுப்போடு நின்றவள் என்று ஒதுக்காமல், மருந்துகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். தினமும் தொடையில் போடும் ஏசிடிஎச் என்ற ஹார்மோன் ஊசி. விலை அதிகம், குளிரில் வைக்க வேண்டும். அதற்கு மாற்றாக, வீட்டிலேயே வாய்வழி கொடுக்கக்கூடிய பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து. மூன்றாவது விகாபட்ரின் என்ற வலிப்பு மாத்திரை. தோலில் இலை வடிவ வெள்ளைத் திட்டு இருக்கிறதா என்று ஊதா விளக்கின் அடியில் உடம்பு முழுவதும் தேடினார். டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற பிறவிக் கோளாறு இருந்தால் விகாபட்ரின்தான் முதலில். இவனுக்கு அது இல்லை. ஆகவே பிரெட்னிசோலோனில் தொடங்கினோம்.

ஆறு மணி நேரத்துக்கு ஒரு வேளை. நள்ளிரவு 12 மணி வேளைக்கு அடுத்த வீட்டு ராத்தா சுவரைத் தட்டுவார். நான் "ஆச்சு" என்று பதில் தட்டிய பிறகுதான் அவர் படுப்பார். கசப்பு மருந்தைப் பாலாடையில் சாய்க்கும்போது அவன் முகம் சுளிப்பதைப் பார்க்க முடியாமல் வாப்பா திண்ணைக்குப் போய்விடுவார். பிள்ளைக்கு ஓயாத பசி, ஓயாத அழுகை. முகம் உப்பியது. வந்தவர்கள் "நன்றாகத் தேறிவிட்டான்" என்றபோது சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. சளி, காய்ச்சல் தொற்றக்கூடாது என்று சொல்லியிருந்ததால், உரம் எடுத்த அதே மாமி வாசலில் நாற்காலி போட்டு சொந்தக்காரர்களையே திருப்பி அனுப்பினார். வாரம் ஒருமுறை ரத்த அழுத்தம் பார்க்கக் குழந்தைக்கேற்ற சின்னப் பட்டையை அக்கா எங்கிருந்தோ தேடிக் கொண்டுவந்தார். மருந்தைத் திடீரென்று நிறுத்தக்கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைவூட்டினார்.

இரண்டு வாரத்தில் எண்ணிக்கை குறைந்தது, நிற்கவில்லை. விகாபட்ரினையும் சேர்த்தார்கள். ஓரப் பார்வை குறையலாம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். பயந்தேன்தான். ஆனால் வலிப்பு ஓடிக்கொண்டிருந்தால் மூளை வளர வழியில்லை என்பதும் புரிந்தது. இங்கே கிடைக்காத அந்த மாத்திரையை மதுரையிலிருந்து பஸ்ஸில் வரவழைத்த மருந்துக்கடை அண்ணாச்சி, 500 மில்லிகிராம் மாத்திரையை 10 மில்லி தண்ணீரில் கரைத்து எத்தனை மில்லி உறிஞ்சுவது என்று கடைப் பலகையிலேயே மூன்று முறை செய்து காட்டினார். ஐந்தாம் நாள் காலையில் எண்ணுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

இப்போது அவனுக்கு 13 மாதம். கடைசியாக வலிப்பு வந்து 7 மாதம் ஆகிறது. விகாபட்ரினையும் நிறுத்தியாகிவிட்டது. போன மாதம்தான் பிடிமானமில்லாமல் உட்கார்ந்தான். பேச்சு இன்னும் வரவில்லை, பயிற்சிக்குப் போகிறோம்.

மணமக்கள் பெயரோடு பாதியில் நின்ற கல்யாணப் பாயை நிக்காஹ் தேதிக்குள் நெய்து கொடுத்த தறிக்காரப் பெண்களே, உங்கள் கூலியை எடுத்து வைத்திருக்கிறேன். காசு வாங்க மறுத்த ஆட்டோ தம்பி, உங்களுக்கென்று கோரை நனைத்தாயிற்று. பாயில் என்ன பெயர் போட வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.