பூட்டிய கதவில் ஒட்டிய நோட்டீஸ்

ஆசிரியருக்கு வணக்கம்.

பக்கவாதத்தால் பேச்சிழந்த என் சித்தப்பாவுக்குப் பாதுகாவலராகத் தன்னை நியமிக்கக் கோரி அவருடைய மூத்த மகன் மனுப் போட்டார். சித்தப்பா ஓசூரில் மகள் வீட்டில் இருக்க, நோட்டீஸ் பாலக்கோட்டில் ஆளில்லாத பழைய வீட்டுக் கதவில் ஒட்டப்பட்டது. மழையில் பாதி கரைந்த அந்தத் தாளை விசாரணை முடிந்த பிறகே பார்த்தோம்.

பேச முடியாதவருக்கு எதுவும் புரியாது என்று யார் சொன்னது? மாந்தோப்புக் குத்தகைக் கணக்கை இன்றும் விரல்விட்டுக் காட்டுகிறார். பாதுகாவலரும் அவரும் சேர்ந்தே முடிவெடுக்க வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு. வழக்கு நடப்பதையே அவருக்குச் சொல்லாவிட்டால் எப்படிச் சேர்ந்து முடிவெடுப்பது? நோட்டீஸை அவர் கையிலேயே கொடுத்து, தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். மகள்களுக்கும் தனித்தனியே அனுப்ப வேண்டும்.

– ஒரு வாசகர், பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்